சின்ன வயிற்றுக்காரர்கள்

மாஸ்டர் ஒரு வாய் கஞ்சி எடுத்துக்கொண்டார். கரண்டியைக் கீழே வைத்தார். போனை எடுத்து என்னவோ தட்டினார். தட்டிவிட்டுத் தனக்குத்தானே சிரித்தார். மறுபடி ஒரு வாய், மறுபடி போன், மறுபடி சிரிப்பு. எதிரே பெண்டாட்டி என்று ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாளே, அவள் பக்கம் ஒரு பார்வை உண்டா? ஊஹூம்.

"என்ன சிரிப்பு?" என்று கேட்டாள் அவள்.

"ஒண்ணுமில்ல. குரூப்புல கால் கரண்டின்னு ஒருத்தங்க. பேசினாலே சிரிப்புதான்."

கால் கரண்டி! என்னவோ பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த வாயை எடுத்துக்கொண்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து சாப்பிடும்போது அந்த மனுஷன் வேறு எதையும் பார்த்து அவள் கண்டதில்லை. தட்டைப் பார்ப்பார், அவளைப் பார்ப்பார், மறுபடி தட்டைப் பார்ப்பார். இப்போது மூன்றாவதாக ஒன்று வந்து நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். ஆறு மாதம் முன்னால்வரை அவர் காரில் ஏறினால் கார் ஒரு பக்கம் சாயும். பழகுகிறவர்கள் கியர் மாற்றும்போதெல்லாம் கை அவர் தொடையில் இடிக்கும். "அது கியர் இல்லப்பா, நான்" என்பார். சிரித்துச் சிரித்தே பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர். பிறகு மூட்டு போச்சு, மூச்சு போச்சு, ரத்தத்தில் சர்க்கரை ஏறிப்போச்சு. டாக்டர் வயிற்றை வெட்டி ஒரு கைப்பிடி அளவுக்குச் சின்னதாக்கி, குடலோடு சேர்த்துத் தைத்துவிட்டார். கையெழுத்துப் போட்டதும் அவள்தான், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்ததும் அவள்தான்.

இளைப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இப்படி வேறு ஆளாக வந்து நிற்பார் என்று யாராவது சொன்னார்களா? கழுத்து என்று ஒன்று புதிதாக முளைத்திருக்கிறது. தோளில் எலும்பு தட்டுகிறது. பக்கத்தில் படுத்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பழகின இடமே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்க வழியில்லை. அந்த வீட்டில் காதல், கத்தரிக்காய் எல்லாமே அந்த ஒரு கேள்விதான். அதைக் கேட்டு, அவர் தட்டை நீட்டி, அப்படித்தான் இத்தனை வருஷம் ஓடியது. இப்போது ஒரு சின்னக் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, அதில் புரதப் பவுடர், அவ்வளவுதான் மதியச் சாப்பாடு. வேலை நாளானால் அதுவே ஃபிளாஸ்க்கில் காருக்குப் போகும்.

அந்தக் கஞ்சியில்தான் அவள் ஒரு வேலை பார்த்துவந்தாள். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு ஆலோசனை சொல்கிற பெண், "சர்க்கரை, வெல்லம், தேன் எதுவும் ஆகாது" என்று கண்டித்துச் சொல்லியிருந்தாள். சரி, போடவில்லை. ஆனால் மனுஷன் நாளுக்கு நாள் கரைந்துகொண்டு போகிறாரே! தெம்புக்கு ஒரு கரண்டி குளுக்கோஸ் போட்டால் என்ன? குளுக்கோஸ் ஆகாது என்று யாரும் சொல்லவில்லையே. ஆஸ்பத்திரியிலேயே பாட்டில் பாட்டிலாக அதைத்தானே ஏற்றுகிறார்கள்! முதலில் ஒரு கரண்டி போட்டாள், அப்புறம் ரெண்டு. பவுடர் தானே லேசாக இனிக்கும், அதனால் அவருக்குத் தெரியவும் இல்லை. அவரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் ரூல்ஸ் பேசுவார்.

அவள் வேலை பார்ப்பது டிரைகிளீனிங் கடையில். வருகிற துணியை விரித்துப் பார்த்து, கறை இருந்தால் எதனால் என்று கேட்டு, டோக்கன் குத்தி உள்ளே அனுப்புவாள். அதனால் கடையில் அவள் டோக்கனக்கா. உள்ளே நீராவிக்கு நடுவில் நின்று தேய்க்கிற இஸ்திரியம்மாவுக்கு வெறும் டோக்கனு.

அந்த இஸ்திரியம்மாவிடம் போய் இதைச் சொன்னாள் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

"குரூப்பாம்! கால் கரண்டியாம்!" என்றாள் இஸ்திரியம்மா, பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு. "ஏண்டி, உடம்பு இளைச்ச ஆம்பளை போனைப் பார்த்துச் சிரிச்சா என்ன அர்த்தம்னு நான் வேற உனக்குச் சொல்லணுமா?"

"சும்மா இருங்கக்கா."

"நான் சும்மாத்தான் இருக்கேன். அவரு சும்மா இருக்காரான்னு பாரு."

டோக்கனக்கா கவுண்டருக்குத் திரும்பினாள். அவரா? சேச்சே. ஏன், அவர்தானா இவர்? பழைய மாஸ்டர் என்றால் சத்தியம் பண்ணிச் சொல்லுவாள். கழுத்து முளைத்த இந்த ஆளைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? புதுச் சட்டை வாங்குகிறார், படியேறுகிறார், கண்ணாடி பார்க்கிறார். ஒன்றும் புரியாமல் மண்டை காய்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுவில் அவரைச் சேரச் சொன்னதே அவள்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் "சின்ன வயிறு: ஆபரேஷன் ஆனவர்களின் குழு" என்று ஒரு போஸ்டர், அடியில் போன் வழியாகச் சேர்வதற்கான QR கட்டத்தோடு, ஒட்டியிருந்தது. அதை போனில் படம் பிடித்து, "பேச்சுத்துணைக்கு ஆகும், சேருங்க" என்று அனுப்பியிருந்தாள். படம் இன்னும் அவள் போனில் இருந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அதன் வழியாக அவளும் உள்ளே நுழைந்தாள்.

வாசலிலேயே மறித்துக் கேள்வி கேட்டாள் குழுவை நடத்துகிற பெரியக்கா. எப்போ ஆபரேஷன், எந்த மாதிரி ஆபரேஷன், இப்போ என்ன சாப்பிடறீங்க? டோக்கனக்கா புருஷனுக்கு நடந்ததையெல்லாம் தனக்கு நடந்ததாக ஒப்பித்தாள். பொய்யா என்றால் பொய்தான். ஆனால் ஒரு தகவல்கூடத் தப்பில்லை. அங்கே யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, போன் நம்பரும் வெளியே தெரியாது. அவளுக்கு 'புதுசு' என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டார்கள். உள்ளே 'மாடிப்படி', 'பழைய பெல்ட்', 'கால் கரண்டி' என்று ஒரு கூட்டமே இருந்தது. 'ரெண்டாவது பிரேக்' என்று ஒரு பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழகுகிற காரில் மாஸ்டர் காலடியில் இருக்கிற பிரேக் அது. சாட்சாத் அவள் வீட்டுக்காரர்.

மதியம் ஆனதும் பெரியக்கா "உக்காருங்க!" என்று எழுதினாள். "உக்காந்தாச்சு", "உக்காந்தாச்சு" என்று ஆளாளுக்கு வந்து விழுந்தது. அப்புறம் எல்லாரும் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எதையாவது எழுத வேண்டும். எழுதி முடித்தால்தான் அடுத்த வாய். இந்த வயிற்றுக்காரர்கள் அவசரமாக விழுங்கினால் அடைத்துக்கொள்ளும். ரெண்டு கையும் போனில் இருந்தால் கரண்டி எப்படி வாய்க்குப் போகும்? அதுதான் சூட்சுமம். அட, இதற்காகவா அந்தச் சிரிப்பும் தட்டலும் என்று டோக்கனக்கா வாயைப் பிளந்தாள்.

கால் கரண்டி எழுதியது: "நான் தபால் கொடுத்து ரிடையர் ஆனவன், புதுசம்மா. எனக்குக் கீழே ரெண்டு சைக்கிள் உயிரை விட்டிருக்கு. இப்போ மூணாவது வாங்கியிருக்கேன், அது என்னைப் பார்த்துப் பயப்படவே மாட்டேங்குது."

கிழவனார்! டோக்கனக்கா கவுண்டரில் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தாள். உள்ளேயிருந்து இஸ்திரியம்மா எட்டிப் பார்த்து, "என்னடி, நீயும் போனைப் பார்த்துச் சிரிக்கறே? குடும்பமே கெட்டுப்போச்சா?" என்றாள்.

வந்த வேலை முடிந்தது, சந்தேகம் தீர்ந்தது, எழுந்து வந்திருக்கலாம் இல்லையா? வரவில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மறுநாளும் போய் "உக்காந்தாச்சு" என்று எழுதினாள். அவர்களெல்லாம் எறும்பு மாதிரிக் கொறிக்க, இவள் ஒரு கையால் டப்பாச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மறு கையால் "ரெண்டு வாய்தான் போச்சு" என்று எழுதினாள். "அவசரமே வேண்டாம், மெல்ல மெல்ல" என்று எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள். அவளை அப்படி யாரும் கவனித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் போகிறவர் வருகிறவரெல்லாம் மாஸ்டரைத்தான் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நியாயம்தான், வயிறு அவருடையது. இருந்தாலும் பக்கத்தில் நிற்கிறவளும் மனுஷிதானே?

ஒருநாள் மனசு தாங்காமல் எழுதிவிட்டாள். "பழைய ஆளைக் காணோம். கண்ணெதிரே யாரோ நிக்கற மாதிரி இருக்கு. தேடறேன், கிடைக்க மாட்டேங்குது. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியலை." அவள் எழுதியது புருஷனைப் பற்றி. அவர்கள் படித்துக்கொண்டது கண்ணாடியைப் பற்றி.

"எனக்கும் அதேதான்," என்றது மாடிப்படி. "இன்னும் கதவுல பக்கவாட்டாத்தான் நுழையறேன்."

அப்புறம் ரெண்டாவது பிரேக் எழுதினார்: "தங்கச்சி, கண்ணாடியாவது பரவாயில்ல. என் வீட்டுக்காரி என்னைப் பார்க்கறப்ப, பஸ்ல பக்கத்து சீட்டுல உக்காந்தவனைப் பார்க்கற மாதிரி பார்க்கறா. அவ சமைச்சதை ஒழுங்கா சாப்பிட முடியாதவனை எதுக்கு வெச்சிருக்கான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. அவகிட்ட கேக்கவும் பயம்."

கட்டின புருஷன் தங்கச்சி என்கிறார்! சிரிப்பதா, அழுவதா? கண்ணில் நீர் முட்டி எழுத்து தெரியவில்லை. "என் கோட்டு ரெடியா?" என்று எதிரே ஒருவர் நின்றார். "எந்தக் கோட்டு?" என்று திருதிருவென்று விழித்தாள்.

வீட்டுக்குப் போனதும் இதைப் பேசிவிட வேண்டும் என்றுதான் போனாள். அவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார், ஓரமாக, இன்னும் பாதி சோபா தனக்குத் தேவைப்படுகிற மாதிரி. "குழாய் சொட்டுது" என்றாள். "ஆளுக்குச் சொல்லியிருக்கேன்" என்றார். பேச்சு முடிந்தது. என்ன வீடு இது! நாலு சுவருக்குள் பேச முடியாததை ஊர் பேர் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து அண்ணன் தங்கச்சியாகப் பேசிக்கொள்கிறார்கள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் ரெண்டாவது பிரேக் இப்படி எழுதினார்:

"யாரும் பயப்படாதீங்க. ஆனா எனக்குப் பயமா இருக்கு. கொஞ்ச நாளாவே மதியம் சாப்பிட்ட கையோட உடம்பு உதறுது. வேர்த்துக் கொட்டுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, கண்ணு இருட்டுது. இன்னிக்கு ஒரு டீச்சரம்மா வண்டி ஓட்டறாங்க, வளைவுல ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துட்டார். என் காலடியில பிரேக் இருக்கு. காலைத் தூக்க முடியலை. அந்தம்மாவே அலறிக்கிட்டு மிதிச்சாங்க. இல்லாட்டி அந்த ஆளு போயிருப்பாரு."

குழு பதறிவிட்டது. என்ன சாப்பிட்டீங்க, இனிப்பு ஏதாவது உள்ளே போச்சா என்று பெரியக்கா கேட்டாள்.

"ஒரு துளி கிடையாது. வீட்டுக் கஞ்சி மட்டும்தான். என் வீட்டுக்காரி கையால அளந்து வெச்சுத் தர்றது. அதுல சந்தேகமே வேண்டாம்."

டோக்கனக்கா குத்திக்கொண்டிருந்த டோக்கனைக் கீழே வைத்தாள். இல்லை, இருக்காது. அது தெம்புக்குத்தானே போட்டது? குளுக்கோஸ் போய் யாருக்காவது கெடுதல் பண்ணுமா? மெதுவாக எழுத்துக்கூட்டி எழுதினாள்: "ஒரு சந்தேகம். தெம்புக்குக் குளுக்கோஸ் கலந்துக்கலாமா?"

அடேயப்பா, என்ன அமர்க்களம்! "ஐயோ, அது சர்க்கரைக்கு அண்ணனாச்சே!" என்றது பழைய பெல்ட். "நம்ம வயித்துல இனிப்பு நிக்காதும்மா, நேரா குடல்ல போய் விழும். உடனே வேர்வை, படபடப்பு, அப்புறம் மயக்கம்" என்று பெரியக்கா விளக்கினாள். எல்லாரும் புதுசுதான் குடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். படுத்துக்கோ என்றார்கள், துணைக்கு யார் இருக்கிறார்கள் என்றார்கள். கால் கரண்டி முகவரி கேட்டார். ரெண்டாவது பிரேக் எழுதினார்: "தங்கச்சி, பயப்படாதே. எனக்கு வர்ற மாதிரிதான் உனக்கும் வரும், கொஞ்ச நேரத்துல அடங்கிடும். உனக்காவது காரணம் தெரிஞ்சுபோச்சு. கொடுத்து வெச்சவ."

டோக்கனக்கா போனைப் பைக்குள் போட்டு மூடினாள். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குளுக்கோஸ் டப்பாவைக் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

இனிமேல் போடாவிட்டால் தானாகச் சரியாகிவிடும். எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படித்தான் நினைத்தாள். நம்மில் எத்தனை பேர் நினைக்க மாட்டோம்? படபடப்பும் நின்றுதான் போனது. ஆனால் மாஸ்டருக்குப் பயம் நிற்கவில்லையே. "இப்போ அமைதியா இருக்கு. எப்ப திரும்ப வரும்னு தெரியலை" என்று குழுவில் எழுதினார். டிரைவிங் ஸ்கூல் ஓனரிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "இன்னொருத்தர் உயிரை வெச்சு விளையாட எனக்கு மனசு வரலை" என்றார். டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்க்க நாள் குறித்துவிட்டாராம், தைத்த இடத்தில் கோளாறு என்றால் திரும்பத் திறக்க வேண்டியிருக்குமாம். வீட்டில் இது எதையும் அவர் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போலச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி, எங்கேயோ பூங்காவில் உட்கார்ந்துவிட்டு வந்தார். அவளும் வழக்கம்போல ஃபிளாஸ்க்கைக் கொடுத்து அனுப்பினாள். யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்று அவளுக்கே குழம்பியது.

கடைக்கு ஒருநாள் ஒரு பெண்மணி பட்டுச் சால்வையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். போன வாரம் தேநீர்க் கறை என்று சொல்லிக் கொடுத்தது. அதற்கான மருந்தைப் போட்டதில் கறை பரவி, சால்வையே பாழ். "உண்மையைச் சொல்லுங்க, இது என்ன?" என்று டோக்கனக்கா பிடித்த பிடியில், தலைக்குப் போடுகிற சாயம் என்று மென்று விழுங்கினாள் அந்தப் பெண்மணி. வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாதாம்.

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா சுத்தமா எடுத்துக் கொடுத்திருப்போமே! நீங்க ஒண்ணைச் சொல்ல, நாங்க ஒண்ணைப் போட, இப்போ பாருங்க..." என்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். இஸ்திரியம்மா வந்து, "என்னடி, பாதியில நின்னுட்டே? திட்டு, திட்டு" என்று உற்சாகப்படுத்தினாள். டோக்கனக்கா சால்வையை மடித்து வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லி வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவர் வீட்டில்தான் இருந்தார். அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு, "இன்னிக்கு கிளாஸ் கேன்சல்" என்றார். ஃபிளாஸ்க்கைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, போனும் கையுமாக மேசையில் உட்கார்ந்தார். அவள் சமையலறை வாசலில் நின்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. போனை எடுத்தாள். பெரியக்கா "உக்காருங்க!" என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இவள் எழுதினாள்:

"நான் புதுசு இல்ல. எனக்கு ஆபரேஷனே நடக்கலை. ரெண்டாவது பிரேக் என் வீட்டுக்காரர். அவர் கஞ்சியில அவருக்குத் தெரியாம குளுக்கோஸ் போட்டது நான். தெம்பு வரட்டும்னு போட்டேன். அவருக்கு உள்ளே எந்தக் கோளாறும் இல்ல. கோளாறு நான்தான்."

மாஸ்டர் படித்தார். மறுபடி படித்தார். கிண்ணத்தைப் பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார்.

"இதுலயுமா?"

"இல்ல. நிறுத்திட்டேன்."

"எப்போ?"

"நீங்க டீச்சரம்மா விஷயம் எழுதின அன்னிக்கே."

அவர் எழுந்து நின்றார். "அப்போ நான் சாவியைத் திருப்பிக் கொடுத்ததைப் படிச்சே. வயித்தைத் திரும்பத் திறப்பாங்கன்னு எழுதினதைப் படிச்சே."

"படிச்சேன்."

"படிச்சுட்டு, காலையில ஃபிளாஸ்க்கையும் கையில குடுத்து, பார்த்துப் போங்கன்னு சொன்னே."

"சொன்னேன்."

"செத்துடுவேன்னு நினைச்சேன்டி!" அந்த வீட்டில் அவர் சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை. மெலிந்த கழுத்தில் நரம்பு புடைத்தது. "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பூங்காவுல போய் உக்காந்து அழுதேன். உன்னைத் தனியா விட்டுட்டுப் போயிடுவேனோன்னு! அந்த சைக்கிள்காரன் செத்திருந்தா? என்ன சொல்லியிருப்பே அப்போ? தெம்புக்குப் போட்டேன்னா?"

"நீங்க கரைஞ்சு போறீங்கன்னு பயமா இருந்துச்சுங்க." அவள் அழுதுகொண்டே சொன்னாள். "நீங்க இளைக்க இளைக்க, இந்த வீட்டுல நான் எதுக்கு இருக்கேன்னு தெரியலை. ஏதாவது போட்டுத் தரணும்னு இருந்துச்சு. ஒரு கரண்டியாவது."

"நான் குண்டா இருந்தாத்தான் உனக்கு ஆம்பளையா?"

"தெரியலைங்க," என்றாள். சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. "நீங்களா இது, வேற யாராவதான்னே தெரியலை. குரூப்புல பேசறப்பதான் நீங்க மாதிரி இருந்தீங்க."

ரெண்டு போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தன. கால் கரண்டி எழுதியிருந்தார்: "பிரேக் சார், முதல்ல டாக்டருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லுங்க. சண்டையை அப்புறம் ஆற அமரப் போட்டுக்கலாம்." மாடிப்படி, "என் அம்மா எனக்குத் தேன் போட்டாங்க. கண்டுபிடிக்க ஒரு மாசம் ஆச்சு" என்று மட்டும் எழுதியிருந்தது.

அப்புறம் பெரியக்கா: "இந்தக் குழு ஆபரேஷன் ஆனவங்களுக்கு மட்டும். பொய் சொல்லி உள்ளே வந்தது தப்பு, ரொம்பத் தப்பு. ஆனா கூடவே இருந்து பார்த்துக்கறவங்களுக்கு இங்க ஒரு இடம் இல்லாததும் தப்புதான்னு இப்போ தோணுது. நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ரெண்டாவது பிரேக், இவங்க இருக்கலாமா, எடுத்துடவா? நீங்க சொல்லுங்க."

அவள் மாஸ்டர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்க நினைத்த கேள்வியை யாரோ ஒருத்தி, முகம்கூடத் தெரியாதவள், அவளுக்காகக் கேட்டுவிட்டாள். அவர் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். அவள் கையில் இருந்த போனில் வந்து விழுந்தது:

"இருக்கட்டும். ஆனா இனிமே என் சாப்பாட்டை நானே பண்ணிக்கறேன்."

முதல் வார்த்தையைப் படித்து அவளுக்கு உயிர் வந்தது. மிச்சத்தைப் படித்து எங்கேயோ போனது. இது மன்னிப்பா, தண்டனையா? கேட்கலாம் என்று நிமிர்ந்தபோது அவர் அவளைத் தாண்டிச் சமையலறைக்குள் போய்க்கொண்டிருந்தார். கிண்ணத்தில் இருந்த கஞ்சியைத் தொட்டியில் கொட்டினார். டாக்டருக்கு போன் போட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "ஆமாங்க, வீட்டுலதான். தெரியாமப் பண்ணிட்டாங்க" என்றார். பேசி முடித்ததும் அலமாரியைத் திறந்து, வரிசையாக இருந்த டப்பாக்களைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஓட்ஸ் எதுல இருக்கு?"

"மேல் தட்டு. கடைசி."

"உப்பு?"

"அடுப்புக்குப் பக்கத்துலயே இருக்கு பாருங்க."

அவள் மேசைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் கரண்டியைப் பிடித்த விதத்தைப் பார்த்து அவளுக்குக் கை துறுதுறுவென்றது. எழுந்து போய்ப் பிடுங்கிக் கிண்டிவிடலாம், அரை நொடி வேலை. உள்ளங்கைகள் ரெண்டையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். அவர் கிண்ணத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தார். கஞ்சி கட்டி கட்டியாக, ஒரு பக்கம் தீய்ந்தும் இருந்தது. போனை எடுக்கவில்லை. ஒரு வாய் எடுத்து, மெல்ல மென்று, மெல்ல விழுங்கினார்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றார் மாஸ்டர், அவளைப் பார்த்து. அடுத்த வாயை எடுத்துக்கொண்டார்.